‘இருக்குது’ என்பாள்

அவளை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போன முதல் வாரம். டிராமில் உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்குரல் போனில் பேசிக்கொண்டிருந்தது.

"ஆமாங்கப்பா. குளிருதுங்க. ஊருங்களா? இருக்குதுங்க. செரிங்க, வெச்சுப்போடறேன்."

வந்த நாளிலிருந்து தமிழே காதில் விழாமல் கிடந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி, "ஏனுங்க, நீங்க கோயமுத்தூருங்களா?" என்று கேட்டேன். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடையோடு ஒரு பெண். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆனைமலைங்க" என்றாள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். சிரிப்பு இல்லை, பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. என் மூஞ்சி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாள் கழித்து என் அறைக் கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு டப்பாவோடு நின்றாள். உள்ளே கடைந்த கொள்ளுப் பருப்பு, இன்னும் சூடு ஆறவில்லை.

"மிச்சம் ஆயிருச்சு," என்றாள்.

அவள் தங்கியிருந்த இடம் ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. பனியில் இரண்டு டிராம் மாறி, அத்தனை பெரிய விடுதியில் கதவு கதவாக விசாரித்து வந்திருக்கிறாள். மிச்சம் ஆனதைக் கொடுக்க யாரும் அப்படி வரமாட்டார்கள். ஆனால் அதை அன்றைக்குப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று ஒரு மெசேஜ் வரும்.

அடுத்த பருவத்திலிருந்து மூன்று பேராக ஒரு வீடு எடுத்துத் தங்கினோம். நான் சிங்காநல்லூர். மூன்றாவது ஜெனிட்டா, கோயமுத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் வாயாடிகள். எதைப் பார்த்தாலும் ஐயோ, அம்மா, சூப்பர் என்போம். அவளிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். புதுச் சட்டை எப்படி? இருக்குது. படம் எப்படி? இருக்குது. சாப்பிடுகிற பொருளாக இருந்தால் மட்டும் வார்த்தை மாறும். திங்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு ஜெனிட்டா பிளம் கேக் செய்தாள். அவள் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு பகல் முழுக்க அடுப்படியில் நின்று செய்தது. முதல் துண்டை இவளுக்குக் கொடுத்தாள். மென்று முடிக்கிற வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி?"

"திங்கலாம்."

ஜெனிட்டா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கும் கோபம்தான். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கேக் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலை சீக்கிரம் எழுந்து போனால், அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி பெரிய துண்டு ஒன்றைக் கண்ணை மூடித் தின்றுகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தாள்.

"பூஞ்சை புடிச்சுருமல்ல," என்றாள்.

அதன்பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவள் செய்வதைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்தால் எல்லாம் தெரியும். எந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள், எந்தச் சட்டை அடிக்கடி துவைத்த துணியில் கிடக்கிறது, யார் போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுகிறாள். அப்பாவின் போனுக்குத்தான் அடுப்பை அணைப்பாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகலாம் என்று திட்டம் போட்டதும் நாங்கள் இரண்டு பேர்தான். பிராக், வியன்னா, வெனிஸ், பிறகு மலைகளுக்கு நடுவே ரயிலில் திரும்புவது. ஜெனிட்டாவுக்கு ஈஸ்டர் பூசையை இத்தாலியில் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாமே பார்க்க வேண்டும். அவளிடம் கேட்டோம்.

"வர்றியா?"

"வாரேன். இங்க சும்மா இருந்து என்ன பண்றது."

அவள் பகுதிநேரமாக வேலை பார்த்த ரொட்டிக்கடைக்கு அந்த வாரம் நான் போயிருந்தேன். அங்கிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "நீங்களும் போகிறீர்களா? உங்கள் தோழி சந்தோஷத்தில் பொங்கி வழிகிறாளே!" என்றாள். நாங்கள் கேட்பதற்குப் பல நாள் முன்பே, எங்கள் பேச்சைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, விடுப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். கடையில் அவள் பொங்கி வழிந்ததை மட்டும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பிராகில் ஒரு பழைய மணிக்கூண்டு. மணி அடிக்கும்போது பொம்மைகள் வெளியே வந்து போகும். சதுக்கம் நிறைய ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்துக்கிடந்தார்கள். அவள் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இத்தனை சனம் மணி பாக்கவா வந்திருக்குது? போன்லயே தெரியுமல்ல?" என்றாள். வியன்னாவில் அரண்மனைக்குப் போனோம். தங்க முலாம், கண்ணாடி, சரவிளக்கு என்று அறைக்குப் பின் அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. "கூட்டிப் பெருக்கறதுக்கு எத்தனை ஆள் வேணும்?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பு, காவலர் எங்களை முறைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் ஒரு அறையில் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. நாங்கள் அரண்மனையைச் சுற்றி முடித்துத் தேடிக்கொண்டு வந்தபோது அவள் அந்த ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வியன்னாவில்தான் அவளைப் பெண் பார்த்தார்கள்.

நாங்கள் தங்கியிருந்த மலிவான விடுதியின் பொதுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் அம்மா போன் செய்தார். கோயமுத்தூர் கணபதியிலிருந்து ஒரு குடும்பம், பம்ப் செட் தயாரிக்கும் தொழில், நல்ல மனுசங்க. இப்போது ஆனைமலை வீட்டுக்கே விருந்தாளியாக, ஒறம்பரையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வீடியோவில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்கிறார்கள்.

"இப்பவா?" என்று நான் கேட்டேன். அவள், "செரி" என்று சொல்லிவிட்டு ஜடையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

ஜெனிட்டாவின் ஊதாச் சால்வையை மேலே போட்டு, பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிய குளிர்பெட்டி தெரியாதபடி நாற்காலியைத் திருப்பினோம். போனை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கூடம் நிறைய ஆட்கள். பையனின் அம்மா பேசினார்.

"ஊரெல்லாம் எப்படி இருக்குது கண்ணு?"

"இருக்குதுங்க."

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"திங்கலாங்க."

அதே நேரம் பார்த்து, சட்டையில்லாமல் இரண்டு பிரேசில்காரப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தார்கள். ஜெனிட்டா ஓடிப்போய்க் கையை விரித்து மறைத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் தெரிந்துவிட்டது.

"பொறகால யாரு கண்ணு அது?"

"சமையல்காரங்களுங்க," என்றாள், கண் இமைக்காமல்.

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு அந்தப் பையன் பேசினார். மரியாதையாக, வெட்கத்தோடு பேசினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் அவருடைய அப்பா பேசினார்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நம்ம கம்பெனி ஆபீசையே பாத்துக்கலாம் அம்மணி. வெளியில போயி வேலை செய்யோணும்னு ஒண்ணும் இல்லை. ஊட்டோட இருந்தாப் போதும். என்ன சொல்ற?"

"பாக்கலாங்க," என்றாள்.

அந்தக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்பா மட்டும் ஓரத்தில் தூணோடு நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

போனை வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டோம். "புடிச்சிருக்குதா?"

"இருக்குது."

"பையனைக் கேக்கறோம்டி!"

"பையனும் இருக்கறாரு."

வெனிஸுக்குப் போகிற ரயிலில், ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே, ஜெனிட்டா சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்ப படிப்பு முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவியா?"

"இங்க புரொஃபசர் ஒரு எடம் குடுத்திருக்காரு. ஆராய்ச்சிக்கு. மண்ணுக்குள்ள தண்ணி எப்படி எறங்குதுன்னு பாக்கறது. சம்பளம் குடுத்துப் படிக்க வெக்கறாங்க."

ஜெனிட்டா பழத்தை அப்படியே மடியில் போட்டாள். அந்த இடத்துக்காக அந்தத் துறையில் எத்தனை பேர் மோதிக்கொண்டிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

"எப்பச் சொன்னாரு?"

"போன மாசம்."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லை?"

"கேக்கலையே."

விடுமுறை முடிந்து திரும்பியதும் புரொஃபசருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். வீட்டில் சொல்லவில்லை. உனக்கு அது வேணுமா என்று கேட்டேன். பாக்கலாம் என்றாள். அதே வார்த்தையைத்தான் அந்தக் குடும்பத்துக்கும் சொல்லியிருந்தாள் என்பது எனக்கு உறைத்தது. முதல் தடவையாக அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண் தன் வாழ்க்கையையே "திங்கலாம்" என்று சொல்லி விழுங்கிவிடுவாள் என்று தோன்றியது.

வெனிஸில் வீட்டு வாசற்படிவரை தண்ணீர் ஏறிக்கிடப்பதைப் பார்த்து, "எங்கூர்ல ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா மேட்டுக்குப் போயிருவாங்க. இங்க பாக்க வர்றாங்க," என்றாள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் ஈஸ்டர். ஊர் முழுக்க மணிச் சத்தம். ஜெனிட்டா பூசையில் அழுதுவிட்டாள். தன் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினாள். இவள் ஜெனிட்டாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நோம்பி நல்லா நடக்குது" என்றுகூடச் சொல்லாமல், கோயில் தூணோரம் முழு நேரமும் நின்றாள்.

வெளியே வந்து தண்ணீரோரப் படியில் உட்கார்ந்தபோது, ஆனைமலையிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டார். குரல் எனக்கே கேட்கிற அளவுக்குச் சந்தோஷம்.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு கண்ணு. நீயும் பாக்கலாம்னு சொல்லிப்போட்டியாமா. அப்பா செரின்னு சொல்லிப்போட்டாரு. ஆவணியில வெச்சுக்கலாங்கறாங்க."

"செரிங்கம்மா," என்றாள்.

போனைப் பைக்குள் போட்டாள். படகு ஒன்று போவதைப் பார்த்தாள். நான் வெடித்தேன்.

"என்னடி செரி? அந்த எடம் உனக்கு வேணும்தானே? வேணும்னா வேணும்னு வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்டி! நீ வாயே தொறக்கலைன்னா யாருக்குடி தெரியும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறாளா, சொல்லி என்ன பிரயோசனம் என்கிறாளா, தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜெனிட்டாதான் நடுவில் நின்று, பீட்சா வாங்கிக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை ரயில். வெரோனாவைத் தாண்டியதும் மலைகள் ஆரம்பித்தன. திட்டம் போடும்போதே, "மலைதானே? எங்க ஊட்டுக்குப் பொறகால கெடக்குது" என்று சொன்னவள் அவள். அதனால் ஜன்னலோரத்தை ஜெனிட்டா கேட்காமலே எடுத்துக்கொண்டாள். இவள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில். இன்னும் சரியாகப் பேச்சு இல்லை.

ஒரு சுரங்கத்தைக் கடந்து ரயில் வெளியே வந்தது. சட்டென்று பெட்டி முழுக்க வெளிச்சம். ஜன்னல் நிறைய, அண்ணாந்தாலும் உச்சி தெரியாத மலை, மேலே இருந்து கீழே வரை பனி. அதன் மேல் முழு வெயில்.

"அடியே! அங்க பாருடி! ஐயோ, அங்க பாரு!"

யார் கத்தியது என்று எனக்கு உடனே புரியவில்லை. அவள் எழுந்து ஜெனிட்டாவின் மடிக்கு மேலாகக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டிருந்தாள். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எறங்கலாம்டி. இங்கயே எறங்கலாம். நிறுத்தச் சொல்லுடி!" சின்னக் குழந்தை மாதிரி. ரயில் நிற்கவில்லை. மலை நகர்ந்து, இன்னொன்று வந்தது. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுதாள். எதிர்வரிசையில் இருந்த வயதான தம்பதி ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்கள்.

ஜெனிட்டா இடத்தைவிட்டு நகர்ந்து அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்குது." மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "ரொம்ப நல்லா இருக்குதுடி."

பிறகு, மலையைப் பார்த்தபடியே, யாரும் கேட்காமல் ஒரு விஷயம் சொன்னாள். சின்ன வயதில் அவள் அப்பாவோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போவாள். ஒருதரம் ஒரு செவலைக் கன்று. இவள் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, எனக்கு இதுதானுங்க வேணும்" என்று கத்திவிட்டாள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் விலை. அது அப்பாவுக்குக் கட்டுபடியாகவில்லை. கன்று இல்லாமல் பஸ் ஏறினார்கள்.

"அப்பா திட்டலை. ஊடு வர்ற வரைக்கும் பேசவே இல்லை. எறங்கறப்ப மட்டும், ‘ஆசையை மூஞ்சில காட்டாத கண்ணு’ன்னாரு. அவ்வளவுதான். அந்தக் கன்னு மூஞ்சி இன்னிக்கும் நெனப்பு இருக்குது."

வெனிஸில் அவள் கேட்ட "சொன்னா?" எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை எடுத்தாள். ரயில் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஊரில் மத்தியானம். அப்பா எடுத்தார்.

"ஏங்கண்ணு?"

"அப்பா, இங்க எனக்கு ஆராய்ச்சிக்கு எடம் குடுத்திருக்காங்க. நாலு வருசம் ஆகும். எனக்கு அது வேணுங்கப்பா."

"என்னது?"

"வேணுங்கப்பா. எனக்கு அதுதானுங்க வேணும்."

முகம் முழுக்கத் தெரிந்தது, பயமும் ஆசையும் எல்லாம். போன் கட்டாகிவிட்டதோ என்று ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு வார்த்தை குடுத்துப்போட்டேன் கண்ணு."

"நான் இன்னும் குடுக்கலீங்கப்பா."

"பாக்கலாம்னு சொன்னையல்ல?"

"தப்புங்கப்பா. வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். சொல்லத் தெரியலீங்க."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ ஒரு பம்ப் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப உன்ற இஷ்டம்," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். சம்மதம் என்று பொருள் வருகிற வார்த்தைதான். சொன்ன விதத்தில் சம்மதம் இல்லை.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, மீதி வழி முழுக்க மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து புரொஃபசருக்கு எழுதினாள்.

அந்தக் குடும்பம் பெரிதாகச் சண்டை போடவில்லை. அந்தப் பையனுக்கு அதே ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஆனால் அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா போன் செய்வார். அப்பா எங்கே என்றால் தோப்பில் என்பார், மோட்டார் பக்கம் என்பார். ஒருமுறை சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாள். அப்பா பேசினாரா என்று கேட்டேன்.

"வான்னு சொன்னாரு."

"அப்பறம்?"

"தோப்புக்குப் போயிட்டாரு."

அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் வராது. அந்த ரயில் பயணத்தோடு அவள் மாறிவிட்டாள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நான் படிப்பை முடித்துக் கோயமுத்தூருக்குத் திரும்பிய அன்று விமானநிலையத்துக்கு வந்தாள். நானும் ஜெனிட்டாவும் கட்டிப் பிடித்து அழுதோம். அவள், "செரி, போயிட்டு வா" என்றாள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், என் தலை மறைகிற வரை.

போன வருடம், மாசாணியம்மன் கோயிலுக்கு என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போனேன். அவள் வீடு அங்கிருந்து பக்கம். போகாமல் வர மனம் இல்லை. மாமியாரும் போகலாம் என்றார். அவளிடம் சொல்லாமலே போனேன்.

அவள் அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மோர் கொடுத்தார். மகளைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார். அப்பா களத்தில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். "வாங்க அம்மணி" என்றதோடு சரி. நாங்கள் கிளம்பிக் காரின் அருகே வந்தபோதுதான் பக்கத்தில் வந்தார்.

"அங்க இன்னும் பனி உளுகுதுங்களா?"

"இப்ப இல்லீங்க. இப்ப உருளைக்கிழங்கு போடற காலம்னு சொன்னா."

அவர் அங்கேயே நின்றார். எனக்கு அந்த நிற்றல் நன்றாகத் தெரிந்த நிற்றல். போனை எடுத்து, அவள் அந்த வாரம் எனக்கு அனுப்பிய ஒரு படத்தைத் திறந்து நீட்டினேன். வயலுக்கு நடுவே மார்பளவு ஆழக் குழி. அதற்குள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கன்னத்தில் மண்ணோடு, அளவு டேப்பைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். மண் அடுக்கடுக்காகத் தெரிகிறது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயிலில் தெரியவில்லை. கொட்டகை நிழலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. என்னிடம் நீட்டினார். திறந்து கொடுத்தேன். மறுபடி அணைந்தது. மறுபடி நீட்டினார்.

"இந்தக் குழி யாரு வெட்டுனது?"

"அவளேதானுங்க. மெசின் உட்டா மண்ணு கலங்கிருமாம். மம்புட்டி எடுத்து அவளே வெட்டுவாளாம்."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முயன்றார். விரலில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு, சரியாக வரவில்லை. நான் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு குழியின் ஒரு பக்கம், மறு பக்கம், அடி வரைக்கும் பார்த்தார்.

"செவுரு நேரா வெட்டியிருக்கறா," என்றார்.

என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. உடனே வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா. வந்து பாரு. புள்ளை வெட்டுன குழியைப் பாரு!"

கார் டிக்கியில் இளநீர்க்குலை இரண்டு ஏற்றிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். பொள்ளாச்சி வருவதற்குள் நடந்ததை எல்லாம் அவளுக்கு மெசேஜில் எழுதி அனுப்பினேன். "செரி" என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். போனைப் பைக்குள் வைத்தேன்.

உடனே மணி அடித்தது.

"அவர் அப்படியேவா சொன்னாரு?" என்றாள்.

"அப்படியேதான்."

"நீ எடுத்துக் குடுக்காம, அவரா சொன்னாரா?"

"அவராத்தான்டி. நேரா வெட்டியிருக்கறான்னாரு. அப்பறம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனாரு."

அந்தப் பக்கம் யாரோ ஜெர்மனில் அவளிடம் ஏதோ கேட்டார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இன்னொருக்கா சொல்லு," என்றாள். "மொதல்ல இருந்து. நீ காருல வந்து எறங்குனதுல இருந்து சொல்லு."

சொன்னேன்.